வழக்கம் நின்றதும் நட்பும் ஏன் நின்றுவிடுகிறது?

வழிப்போக்கன்:

சண்டை போட்டுப் பிரிந்த நண்பர்கள் எனக்கு அதிகம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் நெருக்கமாக இருந்து இன்று தொடர்பே இல்லாமல் போனவர்களை எண்ணிப் பாருங்கள். வகுப்பு முடிந்தது, ஒருவர் வேலை மாறினார், இன்னொருவர் வீடு மாறினார், சேர்ந்து ஏறிக்கொண்டிருந்த பேருந்தின் நேரம் மாறியது. யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிக்கடி சந்திக்க வைத்த ஏதோ ஒன்று நின்றது, கொஞ்ச நாளில் பேச்சும் நின்றது.

நம் நாளில் பெரும்பகுதியை நாம் யோசித்து முடிவெடுத்து நடத்துவதில்லை. வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை மணிக்கு ஒரு முறை அப்போது என்ன செய்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்று எழுத வைத்தார்கள். எழுதி வந்ததில் ஏறக்குறைய 43 விழுக்காடு, அநேகமாக தினமும், அதே சூழலில் திரும்பத் திரும்பச் செய்கிற காரியங்கள். அவற்றைச் செய்யும்போது மனம் பல நேரம் வேறு எங்கோ இருந்தது.

நட்பும் பெருமளவு இந்தக் கணக்கில்தான் வருகிறது என்பது என் எண்ணம். வயது வந்த பிறகு கிடைக்கும் நட்புகளில் பலவற்றை நாம் தேடிப் போய்ச் சம்பாதிப்பதில்லை. ஏதோ ஓர் அன்றாட வழக்கம் அவற்றைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த வழக்கம் போனதும் அந்த இடத்தில் வேறொன்றை நாமே உண்டாக்க வேண்டும், அதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

நண்பருக்கென்று கிழமையும் நேரமும் குறித்து வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? நாள் போகப் போக அது கடமை மாதிரி ஆகிவிடுகிறதா?


புத்தகப்புழு:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அட்டவணை போட்டுத்தான் ஒரு நட்பைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதன் வேரில் ஏதோ குறை இருக்கிறது.

அடிக்கடி பழகுவதும் அருகில் இருப்பதும் வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சி இருந்தால் அதுவே நட்பு என்னும் உரிமையைத் தந்துவிடும் என்று வள்ளுவர் சொல்கிறார் (குறள் 785). உரைகாரர்கள் இதற்குக் காட்டும் உதாரணம் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது, பிசிராந்தையார் கட்டாயம் வருவார், அவருக்கு ஓர் இடம் விட்டுவையுங்கள் என்றான். பாண்டிய நாட்டிலிருந்து அவரும் வந்து சேர்ந்தார்.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலும் ஓவியம், தமிழ், கல்வி, நடை எல்லாவற்றையும் பழக்கத்தால் வருபவை என்று சொல்லிவிட்டு, நட்பையும் தயையையும் கொடையையும் மட்டும் பிறவிக் குணம் என்று தனியாக எடுத்து வைக்கிறது. அந்தப் பாட்டு சொல்வதில் உண்மை இருக்கிறது என்று நம்புகிறேன்.


கணக்கு வாத்தியார்:

புத்தகப்புழு, நீங்கள் சொன்ன இரண்டும் எனக்கும் பிடித்தவை. ஆனால் பிசிராந்தையாரை இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால், அப்படி நடப்பது அபூர்வம் என்பதும் அதற்கு ஒரு காரணம். மற்றவர்களுக்கு எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

எம்ஐடி பல்கலைக்கழகத்தில் திருமணமான மாணவர்கள் குடியிருந்த வெஸ்ட்கேட் குடியிருப்பை ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் மூவரும் ஆராய்ந்து 1950இல் புத்தகமாக வெளியிட்டார்கள். யாருக்கு எந்த வீடு என்பதில் குடிவந்தவர்களுக்குப் பெரிதாகத் தேர்வு இல்லை. அடுத்த வீட்டுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 விழுக்காடு. அதே தளத்தின் மறுகோடியில் இருந்தவரைச் சொன்னவர்கள் 10 விழுக்காடுதான். மாடிப்படிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் கூடுதல் நண்பர்கள் கிடைத்தார்கள். தினமும் யார் யாரைக் கடந்து போகிறார்கள் என்பதே இவ்வளவு வேலை செய்திருக்கிறது.

1992இல் மோர்லேண்ட், பீச் இருவரும் செய்த சோதனை இன்னும் வியப்பானது. தோற்றத்தில் ஓரளவு ஒத்த நான்கு பெண்களை ஒரு வகுப்பில் மாணவிகளைப் போல உட்கார வைத்தார்கள். ஒருவர் வரவே இல்லை, மற்றவர்கள் 5, 10, 15 வகுப்புகளுக்கு வந்தார்கள். யாரோடும் பேசக் கூடாது என்பது ஏற்பாடு. பருவம் முடிந்து படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிகம் வந்தவரைத்தான் மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. அவரை முன்பே பார்த்திருக்கிறோம் என்றுகூடப் பலருக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

அப்புறம் நேரக் கணக்கு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் நெருக்கம் வந்துவிடாது என்றும் அவர் சொல்கிறார்.

வாரம் ஒரு மணி நேரம் சந்தித்தால் 200 மணி நேரத்தைத் தொட நான்கு ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். வாரம் நான்கு மணி நேரம் என்றால் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். "நேரம் கிடைக்கும்போது பார்ப்போம்" என்பவர்கள் எந்த ஆண்டில் அங்கே போய்ச் சேர்வார்கள்? பள்ளியிலும் கல்லூரியிலும் நட்பு சுலபமாக வந்ததற்கு நம் இளமை மட்டும் காரணம் இல்லை. அந்த மணி நேரங்களைப் பாடவேளை நமக்காகச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.


இரவுப்பணி:

கிழமை குறிப்பது, நேரம் குறிப்பது எல்லாம் பகலில் வேலை செய்பவர்களுக்குச் சரி. எனக்கு வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும். ஊரே ஓய்வாக உட்காரும் நேரத்தில் நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். விடுமுறையும் வாரத்துக்கு வாரம் நகரும். தொடர்ந்து மூன்று முறை "வர முடியாது" என்று சொன்னால் நான்காவது முறை யாரும் கூப்பிடுவதில்லை. அவர்கள் மேல் கோபம் இல்லை, ஆனால் வலிக்கும்.

எனக்குக் கைகொடுத்தது கடிகாரத்தை விட்டுவிட்டதுதான். வேலை முடிந்து வாசலைத் தாண்டியதும் ஒரு நண்பனுக்குக் குரல்பதிவு அனுப்புவேன். அது விடியற்காலையோ நள்ளிரவோ, எதுவானாலும் வாசலைத் தாண்டியதும் என்பது மட்டும் மாறாது. அவன் காலையில் கிளம்பும்போது கேட்பான், திரும்பி வரும் வழியில் பதில் சொல்வான். பெரிய விஷயம் எதுவும் இருக்காது. அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், முதுகுவலி எப்படி இருக்கிறது, இவ்வளவுதான். ஆனால் அவனுடைய அன்றாடம் எனக்குத் தெரியும், என்னுடையது அவனுக்குத் தெரியும். எப்போதாவது நேரில் சந்திக்கும்போது "அப்புறம், வேற என்ன?" என்று தடுமாற வேண்டியிருப்பதில்லை.


வழிப்போக்கன்:

இரவுப்பணி, நீங்கள் சொன்னதைத்தான் ஆய்வாளர்கள் சிலரும் சொல்கிறார்கள். பழக்கம் கடிகாரத்தைவிட அதற்கு முன்னால் நடக்கும் செயலோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் கருத்து. இது முடிந்ததும் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதன் பலனைப் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்தே எழுதி வந்திருக்கிறார். உங்களுக்கு வாசல் அந்த வேலையைச் செய்கிறது.

"21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்பதை இன்னும் பலர் நம்புகிறார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் தன் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகிக்கொள்ளக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். சொல்லிச் சொல்லி அந்தக் "குறைந்தது" எங்கோ தொலைந்துவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட எடுத்த காலத்தின் நடு அளவு 66 நாள், ஆளையும் செயலையும் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை (12 வாரத்தைத் தாண்டிய நாள்கள் அவர்கள் கணித்தவை). 2010இல் வெளியான ஆய்வு.

அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு, நட்பைப் பொறுத்தவரை அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இடையில் ஒரு நாள் தவறிப்போனால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. நாமோ ஒரு வாரம் பேசத் தவறிவிட்டால் கூசுகிறோம். அடுத்த வாரம் கூப்பிட்டால் போன வாரத்துக்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டுமே என்று தள்ளிப்போடுகிறோம். மூன்றாவது வாரம் அந்தக் கூச்சம் இன்னும் கனத்துவிடுகிறது. தவறிப்போன அந்த ஒரு வாரம் நட்பை ஒன்றும் செய்வதில்லை. அதற்குப் பிறகு வரும் கூச்சத்தில்தான் பல நட்புகள் முடிந்துபோகின்றன.


தூரதேசம்:

வேறு நேர மண்டலத்தில் இருக்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் அழைப்பை அவருடைய கடிகாரத்தோடு கட்டி வைத்திருக்கிறோம், ஏனென்றால் அவருக்குத்தான் வீட்டில் பொறுப்பு அதிகம். இங்கே கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றும்போது நான் என் நாளைத் திருத்திக்கொள்வேன், அவர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. யார் விட்டுக்கொடுப்பது என்று முதலிலேயே பேசிவிட்டதால் இது நிலைத்திருக்கிறது.


திண்ணை:

வழிப்போக்கன் கேட்ட "கடமை ஆகிவிடுகிறதா" என்ற கேள்விக்கு வருகிறேன். ஆகிறது. ஆனால் அதில் நான் குறை காணவில்லை.

நேரம் குறிக்காத நட்பில் யாரோ ஒருவர்தான் எப்போதும் முதலில் கூப்பிடுகிறார், கவனித்திருக்கிறீர்களா? "என்னைக்குப் பார்க்கலாம்?" என்று கேட்பவர் ஒருவர், "சொல்றேன்" என்பவர் இன்னொருவர். கேட்பவருக்கு ஒரு நாள் சலித்துவிடும். நான் கேட்காவிட்டால் இவர் கேட்பாரா என்று சோதித்துப் பார்ப்பார். மற்றவர் கேட்க மாட்டார், அவருக்குப் பிரியம் குறைந்துவிடவில்லை, தொடங்கும் பழக்கம்தான் அவருக்கு வரவே இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டே விலகிப்போவதைப் பார்த்திருக்கிறேன். என் நெருங்கிய வட்டத்திலேயே நடந்தது இது.

கிழமை ஒன்று முடிவாகிவிட்டால் இந்தக் கேட்பும் காத்திருப்பும் இல்லாமல் போகின்றன. வர முடியாதவர்தான் சொல்ல வேண்டும். மற்றபடி சந்திப்பது உறுதி. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. நாம் தொந்தரவு செய்கிறோமோ என்று ஒவ்வொரு முறையும் மனதுக்குள் விவாதித்துவிட்டு ஃபோனைக் கீழே வைப்பவர்கள் எத்தனையோ பேர்.


கடிகாரம்:

இந்தப் பேச்சுக்குப் பொருத்தமான ஒரு நட்பைச் சொல்கிறேன். ஜெர்மன் தத்துவஞானி கான்ட் தன் ஊரான கோனிக்ஸ்பெர்க்கில் குறித்த நேரத்தில் நடக்கப் போவார், அவரைப் பார்த்து மணி தெரிந்துகொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இளமையில் அவர் அப்படி இருந்தவர் இல்லை. விருந்து, சீட்டாட்டம், அரட்டை என்று இருந்தவர். அவரை மாற்றியதில் பெரும் பங்கு அவருடைய நண்பர் ஜோசப் கிரீன் என்ற ஆங்கிலேய வணிகருக்கு உண்டு.

கான்ட்டின் மாணவர் யாக்மன் எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வண்டியில் சேர்ந்து வெளியே போவதாக இருவரும் பேசி வைத்தார்கள். மணி எட்டு அடித்ததும் கிரீன் வண்டியைக் கிளப்பிவிட்டார். இரண்டு நிமிடம் தாமதமாக வந்த கான்ட் வழியில் எதிர்ப்பட்டார், நிறுத்தச் சொல்லிக் கையும் காட்டினார். கிரீன் நிறுத்தவில்லை!

ஆனால் இன்னொரு காட்சிதான் எனக்குப் பிடித்தது. பிற்பகலில் கான்ட் கிரீன் வீட்டுக்குப் போவார். கிரீன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து இவரும் கண்ணயர்ந்துவிடுவார். அடுத்து வரும் வங்கி அதிகாரி ருஃப்மனும் அப்படியே தூங்கிப்போவார். கடைசியில் கிரீனின் கூட்டாளி மதர்பி குறித்த நேரத்துக்கு வந்து மூவரையும் எழுப்புவார். பிறகு ஏழு மணி வரை பேச்சு. ஏழு மணிக்குக் கான்ட் வெளியே வருவது எவ்வளவு தவறாமல் நடந்தது என்றால், அவர் இன்னும் வரவில்லை, ஆகவே ஏழு ஆகியிருக்காது என்று தெருவில் பேசிக்கொள்வார்களாம்.

சந்திப்பது உறுதியாக இருந்ததால்தான் அந்த வீட்டில் தூங்கக்கூட முடிந்தது. மாதத்துக்கு ஒரு முறை அரும்பாடுபட்டு நேரம் ஒதுக்கிச் சந்திக்கும்போது யாரும் தூங்குவதில்லை. அந்த ஒரு மணி நேரத்தைப் பயனுள்ளதாக்க வேண்டும் என்ற பதற்றம் வந்துவிடுகிறது.

1786இல் கிரீன் இறந்தார். அதன் பிறகு கான்ட் மாலைக் கூட்டங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.


எதிர்க்காற்று:

எல்லாரும் வழக்கத்தின் நல்ல முகத்தை மட்டும் பேசுகிறீர்கள். ஒன்றாகச் சேர்ந்து குறை சொல்வதே வழக்கமாகிப்போன நட்பு உண்டு. அதே மேலதிகாரி, அதே உறவினர், அதே புலம்பல். இருவரில் ஒருவர் அந்தக் கவலையிலிருந்து வெளியே வந்துவிட்டால் மற்றவருக்கு அது துரோகம் போலப் படுகிறது.

குடி, புகை என்று வந்தால் இன்னும் கடினம். பழக்கத்தை விடுபவர் கூடவே ஒரு கூட்டத்தையும் விட வேண்டியிருக்கிறது. கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் இருவரும் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்த ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வில் இருந்த 12,067 பேரின் 1971 முதல் 2003 வரையிலான தகவல்களை வைத்து 2008இல் எழுதினார்கள். நண்பர் ஒருவர் புகைப்பதை நிறுத்தினால் இவர் புகைப்பதற்கான வாய்ப்பு 36 விழுக்காடு குறைந்தது. கூட்டம் கூட்டமாக விட்டார்கள். விடாமல் இருந்தவர்கள் நட்பு வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். நண்பரைப் பார்த்துத் திருந்தினார்களா, திருந்தக்கூடியவர்களே நண்பர்களாக இருந்தார்களா என்ற விவாதம் இந்த ஆய்வு பற்றி உண்டு. எப்படி இருந்தாலும், ஓரத்துக்குப் போனவர்களின் தனிமை உண்மையானது.


வெளிக்காற்று:

எதிர்க்காற்று சொன்னது எனக்கு நடந்தது. புகையை விட்டபோது, இடைவேளையில் வெளியே போய் நிற்கும் அந்தச் சில நிமிடங்களைத்தான் அதிகம் இழந்தேன். அலுவலகத்தில் யாரும் சொல்லாத விஷயங்களை அங்கேதான் சொல்வார்கள். யாருக்கு வீட்டில் உடம்பு சரியில்லை, யார் வேலையை விடப் போகிறார்கள், எல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும்.

அங்கேயே போய்ச் சும்மா நிற்கலாம் என்று பலர் சொன்னார்கள். ஆரம்பத்தில் அது முடியாது, இடத்தைப் பார்த்தாலே கை தேடும். அந்தக் கூட்டத்தில் ஒருவரிடம் மட்டும் மனம்விட்டுப் பேசினேன். அவர் வேறு நேரத்தில் என்னோடு கட்டடத்தைச் சுற்றி நடக்க ஒத்துக்கொண்டார். அவர் இன்றும் புகைக்கிறார், நடக்கும்போது மட்டும் பற்ற வைப்பதில்லை. மற்றவர்களோடு இருந்த நெருக்கம் போய்விட்டது, அதை மறைக்கவில்லை. ஆனால் இந்த ஒரு நட்பு முன்பைவிட ஆழமானது.


சின்னவன் அம்மா:

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நட்புக்கென்று தனி நேரம் ஒதுக்கச் சொன்னால் அழுகைதான் வரும். எனக்குத் தனி நேரம் கிடையாது. என் தோழியும் நானும் துணி மடிக்கும் நேரத்தில் ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டுக்கொள்வோம். குழந்தை அழுதால் வைத்துவிடுவேன், "சாரி" சொல்வதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். பாதி வாக்கியத்தில் நின்றுபோன கதையை மறுநாள் அங்கிருந்தே தொடர்வாள். எப்படியும் செய்தாக வேண்டிய வேலையோடு சேர்த்துவிட்டால் புதிதாக நேரம் தேட வேண்டியதில்லை. நேரில் வரும் நாளிலும் அவள் விருந்தாளி மாதிரி உட்கார மாட்டாள், ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிடுவாள்.


ஓய்வூதியர்:

பணி ஓய்வு பெறும்போது பலர் அதிர்ச்சியடைவது இதில்தான். விடைபெறும் நாளில் எல்லோரும் கண்கலங்கிக் கட்டிப்பிடிப்பார்கள். ஓராண்டு கழித்துப் பேசுபவர்கள் வெகு சிலர். அவர்கள் பொய்யாக நடித்தார்கள் என்று நான் எண்ணவில்லை.

தொடர்ந்து வந்தவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்கள் எல்லோரோடும் அலுவலகத்துக்கு வெளியே இன்னொரு சந்திப்பிடம் ஏற்கெனவே இருந்தது. ஒருவரோடு நூலகம், இன்னொருவரோடு பூப்பந்து. முதல் இடம் மூடியபோது இரண்டாவது இடம் தாங்கிக்கொண்டது. இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்களுக்குப் பிடித்த சக ஊழியரோடு இப்போதே அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றைத் தொடங்குங்கள். ஓய்வு பெற்ற பிறகு தொடங்கலாம் என்று வைத்தால் நடப்பதில்லை.


புத்தகப்புழு:

எல்லாவற்றையும் படித்தேன். பிசிராந்தையாரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதே அதிகாரத்தில் இரண்டு குறள் முன்னால் (783), நல்ல நூல் படிக்கப் படிக்கச் சுவை தருவதுபோலப் பண்புள்ளவர் நட்பு பழகப் பழக இன்பம் தரும் என்றும் இருக்கிறது. ஒரே அதிகாரத்தில் இரண்டையும் வைத்தவருக்கு அவை முரணாகத் தெரிந்திருக்காது. நட்புக்கு உரிமை தருவது உணர்ச்சி. அந்த உரிமையை அனுபவிக்க, நூலைத் திரும்பத் திரும்பத் திறப்பதுபோல நண்பரிடமும் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். உணர்ச்சி இல்லாத இடத்தில் எத்தனை கிழமை குறித்தாலும் சந்திப்புதான் நடக்கும்.


இரவுப்பணி:

அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். ஏற்கெனவே நின்றுபோனதை எப்படித் திரும்பத் தொடங்குவது? ஒருவர் இருக்கிறார். கடைசியாகப் பேசி வெகு காலம் ஆகிவிட்டது. பிரச்சினை எதுவும் இல்லை. இப்போது திடீரென்று கூப்பிட்டால் ஏதாவது உதவி கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துவிடுவாரோ?


கணக்கு வாத்தியார்:

நினைக்க மாட்டார். பெக்கி லியூவும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் இதைத்தான் சோதித்தார்கள். எதிர்பாராமல் தொடர்புகொள்பவர், அது எதிர்முனையில் இருப்பவருக்கு எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பதைத் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுகிறார். தொடர்பு எவ்வளவு எதிர்பாராததோ, பெறுபவரின் மகிழ்ச்சியும் அவ்வளவு கூடுகிறது.

ஆனால் எழுதும்போது இடைவெளிக்கு விளக்கம் கொடுக்காதீர்கள். நீண்ட மன்னிப்போடு தொடங்கினால் அவரும் ஒரு மன்னிப்பு எழுத வேண்டிவரும், அதற்கு நேரம் பார்த்துப் பதில் தள்ளிப்போகும். அவரை நினைவூட்டிய ஒன்றை மட்டும் இரண்டு வரியில் எழுதுங்கள். பதில் வந்தால் உடனே சந்திப்புக்கு நாள் கேட்க வேண்டாம். உங்களுக்குத்தான் அந்த வாசல் இருக்கிறதே, வாரத்தில் ஒரு நாள் அவருக்கும் ஒரு குரல்பதிவு போகட்டும்.


இரவுப்பணி:

சரி. இன்று வேலை முடிந்ததும் அனுப்புகிறேன்.